பறித்தலும் பறித்தவரும்

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போயிருக்கிறீர்களா? நீலகிரிப் பிள்ளைகளுக்கு அந்த மணம் நன்றாகத் தெரியும். தோட்டத்திலிருந்து வரும் கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். பிறகு உருட்டி நசுக்கிக் காற்றுப் படும்படி வைப்பார்கள். பச்சை இலை செம்பழுப்பாக மாறும். அதை உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பார்கள்.

இந்த வேலைகளுக்கு என்ன பெயர்? பறித்தல், வாட்டுதல், உருட்டுதல், உலர்த்துதல், சலித்தல். தொழில் என்றால் இங்கே செயல். செயலுக்குப் பெயராக வருவதால் இவை தொழிற்பெயர்கள்.

'பறித்தாள்' என்றால் ஒரு பெண் முன்பே பறித்துவிட்டாள் என்று தெரிகிறது. 'பறித்தல்' என்றால்? யார், எப்போது, ஒன்றும் தெரியாது. இது குறையல்ல, வசதி! 'பூக்களைப் பறித்தல் கூடாது' என்று பூங்காவில் எழுதி வைத்தால், அது உங்களுக்கும் எனக்கும், இன்றைக்கும் நாளைக்கும் பொருந்துகிறதே.

'பறித்தவர்' வேறு. அது வினையாலணையும் பெயர். செயலைச் செய்த ஆளைக் குறிக்கும். தேர்வில் பலருக்கு மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். கொழுந்துக் கூடையைச் சுமப்பது பறித்தவரா, பறித்தலா என்று கேட்டுப் பாருங்கள், குழப்பம் வராது.

'தல்' மட்டும்தான் விகுதி என்று நினைக்க வேண்டாம். ஆட்டம், வருகை, சிரிப்பு எல்லாம் தொழிற்பெயர்களே. விகுதியே சேராமல், முதலெழுத்து நீண்டும் வரும்: கெடு, கேடு; சுடு, சூடு. இது முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

நம் மாவட்டத்துக் கூடலூருக்குப் பக்கத்திலேயே கேரளமும் கர்நாடகமும் இருக்கின்றன. அங்கே மூன்று மொழிகளும் காதில் விழும். படித்தலை மலையாளத்தில் 'வாயிக்கல்' என்பார்கள். கன்னடத்தில் 'ஓதுவுது'. நம் 'ஓதுவது' போலவே இல்லை? கடல் கடந்து அரபு மொழிக்குப் போனால், 'எழுதினான்' என்பதற்குக் 'கதப', எழுதுதலுக்குக் 'கிதாபா'. சொல்லுக்குள்ளேயே உயிரொலிகள் மாறிவிடுகின்றன. கெடு, கேடு நினைவுக்கு வருகிறதா?

ஆங்கிலத்தில் 'ரீடிங்'. ஆனால் அது கொஞ்சம் ஏமாற்றும். 'ரீடிங் இஸ் குட்' என்பதில் அது தொழிற்பெயர். 'ஐ ஆம் ரீடிங்' என்பதில் வினையோடு சேர்ந்துவிடுகிறது. தமிழில் சொல்லி 'ஐ' உருபைச் சேர்த்துப் பாருங்கள். 'படித்தலை' என்று சேரும். 'படிக்கிறேனை' என்று யாராவது சொல்வார்களா?