நம் கதையை யார் சொல்வது?

இரணைமடுக் குளத்து நீரில் கிளிநொச்சி வயல்கள் விளைகின்றன. அந்த வன்னி மண்ணில் விளைந்த கதைகளும் ஏராளம். அவற்றுள் திரைக்கு வந்தவை எத்தனை?

சினிமா என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஆபாசத்தையும் வீண்பொழுதையும் எண்ணி அவர்கள் அஞ்சுவது நியாயமே. ஆனால், கதை சொல்வது குற்றமா? யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றுக்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறதே!

1947இல் முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். சிங்களத் திரைப்பாடல்களால் புகழ்பெற்ற முகைதீன் பேக், சேலத்தில் பிறந்த முஸ்லிம். பிறர் மொழிப் படங்களுக்கு இப்படிக் கைகொடுத்த நமக்கு, சொந்த மொழியில் ஒரு படம் கிடைக்க 1962 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு 'சமுதாயம்' வெளிவந்தது. மறு ஆண்டு 'தோட்டக்காரி'. 1972இல் 'குத்துவிளக்கு', 1977இல் 'பொன்மணி', 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' என்று நம் மண்ணின் வாழ்க்கை மெல்ல மெல்லத் திரையேறியது.

பிறகு ஏன் வளரவில்லை? நம் சந்தை சிறியது. தமிழ்நாட்டுப் படங்களோ தியேட்டர்களை நிறைத்துக்கொண்டன. போதாக்குறைக்கு, 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர் ஸ்டூடியோவும் படச்சுருள்களும் தீக்கிரையாகின.

அந்த வறட்சியிலும், சகோதரிகளே, நாம் பெருமைப்பட ஒன்று உண்டு. 1993இல் வெளிவந்த 'சர்மிளாவின் இதயராகம்', ஜெக்கியா ஜுனைதீன் என்ற முஸ்லிம் பெண் எழுத்தாளரின் நாவல்!

2006இல் 'ஆணிவேர்' வன்னியிலேயே படமாக்கப்பட்டது. போரில் சிக்கிய தமிழ் மக்களின் துயரை அது காட்டியது. ஆனால் 1990 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு உட்பட வடக்கு முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்களின் துயரம் அந்தப் படத்தின் கதையல்ல. அதை யார் சொல்வது?

படமெடுக்கப் பெரும் பணம் வேண்டும். கதையைக் காப்பாற்றப் பணம் வேண்டாம். அன்று கைக்குழந்தையோடு நடந்து வந்த தாய்மார்கள் இன்று உம்மும்மாக்கள். அவர்களிடம் கேளுங்கள்: வீட்டை எப்படி விட்டு வந்தீர்கள்? எதை எடுத்து வந்தீர்கள்? யார் உதவினார்கள்? சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். போனிலே பதிவு செய்யுங்கள். நாளை ஒரு நல்ல படம் எடுக்க நம் பிள்ளைகள் முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், அவர்கள் கையில் கொடுக்க அந்தக் குறிப்பேடாவது வீட்டில் இருக்க வேண்டும்.