டிரைவின் மேல் விழும் பழி

மாத்தூரை அடுத்த மணலித் தொழிற்பகுதி போன்ற இடங்களில், பம்புகளையும் கன்வேயர்களையும் ஓட்டும் மோட்டார்களின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவிக்கு டிரைவ் என்று பெயர். அது 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை டையோடுகளால் நேர்மின்சாரமாக்கி, ஏறத்தாழ 560 வோல்ட்டில் கெப்பாசிட்டர்களில் தேக்கி, பிறகு வேண்டிய அதிர்வெண்ணில் மாறுமின்சாரமாக்கி மோட்டாருக்குத் தருகிறது. டிசி பஸ் எனப்படும் அந்தத் தேக்கத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பெரும்பாலான டிரைவ்கள் மின்கம்பியின் நிலையை ஊகிப்பதால், திரையில் எழும் எச்சரிக்கை விளைவைச் சொல்லுமே தவிர, பழுதின் இடத்தைக் காட்டாது. அதைப் பார்த்ததும் டிரைவின் கார்டை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு.

எண்ணூர்க் கரையின் உப்புக்காற்று பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்து, விடியற்காலைப் பனியில் ஈரமாகும்போது, அவற்றின் மேல் மின்சாரம் கசிந்து பொறி பறக்கக்கூடும். இப்படிப் பழுதான மின்பாதையை, அதாவது ஃபீடரை, பிரேக்கர் துண்டிப்பதற்குள், அதே துணை மின்நிலையத்தின் மற்ற ஃபீடர்களிலும் மின்னழுத்தம் தாழ்கிறது. விளக்கு ஒருமுறை மினுக்கியதோடு சரி. முழுச்சுமையில் ஓடும் டிரைவோ, சில மில்லிநொடிகளில் தேக்கம் வடிந்து, 'அழுத்தம் குறைவு' என்று ட்ரிப் ஆகிவிடுகிறது. கனத்த விசிறியானால், சுழலும் நிறையின் ஆற்றலையே திரும்ப எடுத்துத் தேக்கத்தைத் தாங்கும் வசதியை இயக்கலாம். உடனே நின்றுவிடும் பம்புக்கு அது அவ்வளவாக உதவாது.

'ஃபேஸ் இழப்பு' எச்சரிக்கைதான் பலரையும் ஏமாற்றுவது. மூன்று ஃபேஸும் இருந்தால் டிசி பஸ்ஸில் 300 ஹெர்ட்ஸ் சிற்றலை மட்டுமே இருக்கும். ஒன்று அறுந்தால் 100 ஹெர்ட்ஸ் பேரலை எழும். சுமை குறைந்த வேளையில் அந்த அலையும் சிறியதாகவே இருப்பதால், காலையில் சும்மா ஓட்டிப் பார்க்கையில் எல்லாம் சரியாகத் தோன்றி, உற்பத்தி சூடுபிடித்ததும் டிரைவ் நின்றுபோகிறது. ஆகவே அழுத்தத்தைச் சுமையோடுதான் அளக்க வேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டர் வடியத் தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருந்து, டிசி பஸ் வடிந்ததை மீட்டரில் உறுதி செய்துகொண்டு, ஃபியூஸ், கான்டாக்டரின் தேய்ந்த முனைகள், கடற்காற்றில் பச்சை பூத்த கம்பிமுனை லக்குகள் ஆகியவற்றைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

'அழுத்தம் மிகுதி' மோட்டாரை வேகம் குறைக்கும்போது மட்டும் வந்தால் மின்கம்பியைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் திருப்பியனுப்பும் ஆற்றலே அதற்குக் காரணம். மாறாக, சீராக ஓடும்போது தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால், திறன்காரணியைப் பேண ஆலையிலோ துணை மின்நிலையத்திலோ இணைக்கப்படும் கெப்பாசிட்டர் வங்கியைச் சந்தேகிக்கலாம்: இணையும் கணத்தில் அது எழுப்பும் அலை டிசி பஸ்ஸை 800 வோல்ட் எல்லையை நோக்கித் தள்ளக்கூடும். எச்சரிக்கைப் பதிவின் நேரத்தையும் வங்கி இணைந்த நேரத்தையும் ஒப்பிட்டு இதை உறுதிசெய்தபின், டிரைவின் முன்னால் 3 முதல் 5 விழுக்காடு லைன் ரியாக்டரை, ஆலைப் பேச்சில் சோக்கை, பொருத்தினால் அந்த ட்ரிப் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.