ஆலிவ் எண்ணெயும் நம் ஊர்ச் செக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரிக் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்ற சரக்குகளுள் பிரதானமான ஒன்று, வில்லியனூர்ப் பக்கத்து மக்கள் மல்லாட்டை என்று வழங்கும் வேர்க்கடலையாகும். தென்னார்க்காட்டு மேட்டு நிலங்களில் விளைந்து, மாட்டு வண்டிகளில் துறைமுகம் வந்து சேர்ந்து, கடல் கடந்து மார்சேய் நகரத்தை அடைந்த அந்தக் கடலை, அங்கே எண்ணெயாகப் பிழியப்பட்டுச் சோப்புக் காய்ச்சும் கொப்பரைகளுக்குப் போயிற்று. 1688-ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் பிறந்த கட்டளையொன்று, ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பெதனையும் மார்சேய்ச் சோப்பில் சேர்க்கலாகாது என்று விதித்திருந்தும், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நகரமே நம் விதை எண்ணெயைத் தேடி வந்தது. இன்றோ, ஆலிவ் எண்ணெய்ப் புட்டிகள் நம் கடைத்தெருக்களுக்கு வந்து அமர்ந்திருக்கின்றன. இருதயத்துக்கு நல்லதென்று விளம்பரம் சொல்லக் கேட்டு, பாகூரில் ஒரு காணி நிலம் பயிரிடும் குடும்பத்தாரும் அதனை வாங்கத்தான் வேண்டுமோ என்று கலங்குகின்றனர்.

அந்தப் புகழ் வெறும் வியாபாரப் புகழன்று. ஸ்பெயின் தேசத்தில், இருதய நோய் வரக்கூடிய அபாயமுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை மூன்று பிரிவாக்கி ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் கவனித்து வந்த ‘பிரெடிமெட்’ என்னும் ஆராய்ச்சி 2013-இல் வெளியாயிற்று. ஆட்களைப் பிரித்த முறையில் சில பிழைகள் தென்பட்டமையால் ஆசிரியர்களே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கணக்கை மறுபடியும் செய்து 2018-இல் வெளியிட்டபோதும் முடிவு பெரும்பாலும் மாறவில்லை: காய்கறி, பயறு, மீன் ஆகியவற்றோடு சுத்திகரிக்கப்படாத முதற்பிழிவு ஆலிவ் எண்ணெயையும் தாராளமாக உண்டவர்களிடம், மாரடைப்பும் பக்கவாதமும் அவற்றால் நேரும் மரணமும் சுமார் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்திருந்தன.

இதற்குக் காரணம் என்ன? ஆலிவ் எண்ணெயின் பெரும்பகுதியாகிய ஓலியிக் அமிலம் ஒரு காரணம். அது நம் கடலை எண்ணெயிலும் ஏராளமாக உண்டு. மற்றொரு காரணம், அளவில் மிகச் சிறியவையாயினும் ஆற்றலில் பெரியவையான பாலிபீனால்கள். இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் எல்.டி.எல். என்னும் துகள்கள் பிராணவாயுவின் தாக்குதலால் கெட்டுப்போகும்போதுதான், இரத்தக் குழாயின் சுவரில் அவை படிந்து அடைப்பை உண்டாக்குவது விரைவுபடுகிறது. அந்தக் கேட்டைத் தடுப்பதே பாலிபீனால்களின் பணி. 2006-இல் வெளியான ‘யூரோலிவ்’ ஆராய்ச்சியில் இருநூறு ஆடவர்களுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி ஆலிவ் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணெயில் பாலிபீனால் கூடக் கூட, நல்ல கொழுப்பு உயர்ந்தது, கெட்டுப்போன எல்.டி.எல். குறைந்தது. 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதன் இனத்தனவும் 5 மில்லிகிராமாவது இருந்தால்தான் இப்பயனைப் புட்டியின்மேல் எழுதலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் சட்டமே செய்துவிட்டது. நல்ல ஆலிவ் எண்ணெயைக் குடித்தால் தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம் தோன்றும். அதுவும் ஓலியோகாந்தல் என்னும் இவ்வினப் பொருளின் செயலே.

வாங்குகிறவர் இங்கேதான் விழிப்பாக இருக்கவேண்டும். நம் நாட்டுக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் புட்டிகள் பலவற்றில் இருப்பது, பிழிந்த சக்கையினின்று மீண்டும் எடுத்த ‘போமேஸ்’ எண்ணெய், அல்லது சுத்திகரித்து நிறமும் மணமும் போக்கிய எண்ணெய். சுத்திகரிப்பில் பாலிபீனால்களும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. முதற்பிழிவாகவே இருந்தாலும், வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மாதக்கணக்கில் நின்றால் அவை நாளடைவில் தேய்ந்துபோகும். பணத்தைக் கொடுத்துப் பெயரை மட்டும் வாங்கி வருவதில் என்ன பிரயோஜனம்?

இனி நம் நல்லெண்ணெயைப் பார்ப்போம். எள்ளில் பாலிபீனால் குடும்பத்தைச் சேர்ந்த லிக்னான் என்னும் பொருள்கள், செசமின், செசமோலின் என்ற பெயர்களில், மிகுதியாக இருக்கின்றன. செசமோலின் சூடேறும்போது செசமால் என்னும் பொருளாகப் பிரிந்து, எண்ணெய் சிக்கேறாமல் காக்கிறது. ஊறுகாய் ஜாடியின் மேல் நம் பாட்டிமார் நல்லெண்ணெயை ஊற்றி வைத்தது அனுபவத்தில் கண்ட இந்த உண்மையை ஒட்டியே. வனஸ்பதியை நெய்யில் கலப்போரைக் கண்டுபிடிக்க, வனஸ்பதி ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்கவேண்டுமென்று நம் அரசாங்கம் விதித்திருந்ததும் இப்பொருள்களை நம்பித்தான். அமிலமும் பர்ஃபுராலும் சேர்த்த மாத்திரத்தில், கலப்பட நெய் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றைக் கடந்து, கடலூருக்கும் அப்பாலுள்ள சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் துறையினர் 2006-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டுவந்த ஐம்பது பேர், சமையலுக்கு நல்லெண்ணெயை மட்டுமே நாற்பத்தைந்து நாள் உபயோகித்தபோது அழுத்தம் இறங்கிற்று. பழைய எண்ணெய்க்குத் திரும்பியதும் ஏறிற்று. மகிழத்தக்க செய்திதான். ஆனால் ஐம்பது பேரின் நாற்பத்தைந்து நாளை, ஏழாயிரம் பேரின் ஐந்தாண்டோடு சமமாக நிறுத்த முடியாது. அங்கே எண்ணியது மாரடைப்பை, இங்கே அளந்தது அழுத்தத்தை. ஆகவே நல்லெண்ணெய் ஆலிவுக்கு ஈடென்று முழங்க நான் துணியேன். ஆலிவைத் தேடி ஏங்கவேண்டிய நிலையில் நாம் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டி, தெளியவைத்து எடுத்த எண்ணெயில் எள்ளின் சாரம் நீங்காமல் இருக்கிறது. அதற்காகச் செக்கு என்று பலகை தொங்கும் இடமெல்லாம் நம்பத்தக்கது என்று கொள்ளலாகாது. விளைந்த எள்ளைக் கொண்டுபோய்க் கண்முன் ஆட்டி வாங்கி வரும் பழக்கம் இன்னும் அற்றுப்போகாத வீடுகள் பாக்கியம் செய்தவை. மல்லாட்டை விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். சரியாகக் காயாத பருப்பில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. சுத்திகரிப்பில் நீங்கும் அந்நஞ்சு செக்கெண்ணெயில் தங்கிவிடக்கூடும். ஆகையால் நன்றாகக் காய்ந்து, சொத்தையும் பூசணமும் பொறுக்கிக் களைந்த பருப்பையே ஆட்டுதல் வேண்டும்.

எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. இதில் ஆலிவுக்குச் சலுகை கிடையாது. பஜ்ஜி சுட்ட எண்ணெயிலேயே மாலைதோறும் மீண்டும் சுடுவது, எண்ணெயின் காவற்பொருள்களை அழித்துத் தீமையான பொருள்களை உண்டாக்கும் செயல். ஸ்பெயின் முதியவர்களைக் காத்தது புட்டி மட்டுமன்று, அதனோடு உண்ட உணவும்தான். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் அறுத்தபின் விதைக்கும் உளுந்தும், புறக்கடைக் கீரையும், கடற்கரையிலிருந்து வரும் மத்தி மீனும் நமக்கு அருமையான பதார்த்தங்கள். சோற்றைச் சற்றுக் குறைத்து இவற்றைக் கூட்டுவதற்கு யாரும் கப்பலை எதிர்பார்க்கவேண்டியதில்லை.

இரத்த அழுத்தம் உள்ளே ஏறிக்கொண்டிருந்தாலும் வலி காட்டாது. ஆகவே முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும், எண்ணெயை மாற்றும் யோசனைக்கு முன்னால், தம் ஊருக்கருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, வில்லியனூர்க் கொம்யூனில் இராமநாதபுரத்தில் ஜிப்மர் நடத்தும் கிராம சுகாதார மையத்துக்கோ சென்று அழுத்தத்தை அளந்து தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், நல்லெண்ணெயை நம்பி அதனை ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.