எல்லை கடந்த கூட்டும் முளாரபாவின் இலக்கணமும்

கடல் கடந்த வணிகத்தில் பொருள் ஒருவரிடம் இருக்கும். உழைப்பு மற்றொருவரிடம் இருக்கும். இடையே தொலைவு நிற்கும். இதற்கு ஃபிக்ஹுக் கலை வகுத்த தீர்வுகளுள் தலையாயது முளாரபா. நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னர் அன்னை கதீஜா (ரழி) அவர்களின் சரக்குடன் ஷாம் சென்றுவந்ததை நாம் அறிவோம். அத்தகைய கூட்டுக்கே பின்னர் சட்ட அறிஞர்கள் நுணுகி விதி வகுத்தனர்.

இலாபத்தை விகிதப்படியே பங்கிட வேண்டும். ‘மாதம் இவ்வளவு’ எனத் தொகை குறித்தால் ஒப்பந்தம் செல்லாது. நட்டம் நேர்ந்தால் முதலிட்டவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் உழைப்பை இழப்பார். சரக்கு அவர் கையில் அமானிதம். ஆதலின் தம் குற்றமின்றி நேரும் இழப்புக்கு அவர் பொறுப்பல்லர். ஆயினும், ‘இன்ன ஊரில், இன்ன சரக்கில்’ என்ற வரம்பை மீறினால் ஈடு செய்தாக வேண்டும். வணிகத்துக்காக வெளியூரில் இருக்கும்போது உணவு, பயணச் செலவுகளைக் கூட்டு முதலிலிருந்து எடுக்கலாம்; சொந்த ஊரில் எடுக்கலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் முடிவு.

வெனிஸ், ஜெனோவா வணிகர்கள் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கையாண்ட ‘கொமெண்டா’ ஒப்பந்தம் இதனைப் பெரிதும் ஒத்தது. ஜெனோவாவில் முதலிட்டவர்க்கு முக்கால், பயணம் செய்தவர்க்குக் கால் என இலாபம் பிரிப்பது வழக்கம். முளாரபாவே இதன் மூலம் எனக் கருதும் வரலாற்றாய்வாளர் உளர்.

இன்று அயல்நாட்டுக் கூட்டு முறிந்து உறவினர் பகைவராவதைக் காண்கிறோம். விகிதமும் வரம்பும் எழுதப்படாவிடின் நம்பிக்கை மட்டும் போதாது. தவணைக் கடனையே எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) பணிக்கும்போது, கடல் கடந்த கூட்டை வாய்ச்சொல்லில் விடுவது முறையாகுமா?