எக்ஸ் கதிரின் திசை தேடும் செயற்கைக்கோள்: திருவனந்தபுரத்தின் பங்கும் தில்லியின் பொறுப்பும்

திருவனந்தபுரம்: 2024-ஆம் ஆண்டின் முதல் நாள் காலை 9.10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டின் முதன்மைப் பயணி, 469 கிலோ எடையுள்ள 'எக்ஸ்போசாட்' செயற்கைக்கோள். கருந்துளைகள், நியூட்ரான் விண்மீன்கள் ஆகியவற்றிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை அளப்பது அதன் பணி. அதே ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் பொருத்தப்பட்டிருந்த 10 ஆய்வுக் கருவிகளில் ஒன்று, திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள எல்.பி.எஸ். மகளிர் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக்கிய 'வீசாட்'.

ஒன்று உலக விஞ்ஞானிகள் எதிர்பார்த்திருந்த விண்ணாய்வகம். மற்றொன்று மாணவிகளின் முதல் முயற்சி. இரண்டையும் சுமந்து சென்றது திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த ராக்கெட். அடிப்படை அறிவியலுக்கான சிறிய செயற்கைக்கோள்களை இந்தியா எவ்வளவு விரைவாக, எவ்வளவு தொடர்ச்சியாக உருவாக்க முடியும் என்ற கேள்வியை இவ்விரண்டும் சேர்ந்தே எழுப்புகின்றன.

நான்காவது அளவீடு: விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரைப் பற்றி நான்கு செய்திகளை அறியலாம். எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எவ்வளவு ஆற்றலுடன் வருகிறது என்பவை முதல் மூன்று. கதிரின் மின்புலம் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது நான்காவது. இதைத்தான் பள்ளிப் பாடநூல்கள் 'தளவிளைவு' என்று குறிப்பிடுகின்றன. சாலையிலிருந்து தெறிக்கும் கூசொளியைச் சில வகைக் குளிர்க்கண்ணாடிகள் தடுப்பது இந்தப் பண்பைப் பயன்படுத்தியே.

கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வெப்ப வாயு தட்டு வடிவில் உள்ளதா, நியூட்ரான் விண்மீனின் காந்தப்புலம் எப்படி வளைந்துள்ளது என்பன போன்ற கேள்விகளுக்குப் படம் எடுத்துப் பதில் காண இயலாது. அவை அவ்வளவு தொலைவில், அவ்வளவு சிறியனவாக உள்ளன. வரும் கதிரின் அதிர்வுத் திசையே அந்த வடிவத்தைக் காட்டிக் கொடுக்கும் சான்று.

முதல் மூன்று அளவீடுகளும் வேகமாக வளர்ந்தன. 1962-இல் ஒரு சிறிய ராக்கெட் மூலம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரை முதன்முதலாகக் கண்டறிந்த ரிக்கார்டோ ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. நான்காவது அளவீடு மட்டும் பின்தங்கியே நின்றது.

நாற்பதாண்டு இடைவெளி: காரணம் எளிது. ஒரு விண்பொருளின் கதிரில் ஒரு சதவீதத் தளவிளைவு உள்ளதா என்பதை உறுதி செய்ய ஏறத்தாழ 10 லட்சம் ஃபோட்டான்கள் தேவைப்படும். ஒரே பொருளை நாள் கணக்கில், சில வேளைகளில் வாரக் கணக்கில் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். பல பணிகளுக்கான பெரிய செயற்கைக்கோளில் ஒரு கருவிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கப்படுவது அரிது. எனவே இதற்கெனவே தனிச் செயற்கைக்கோள் வேண்டும்.

1975-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஓ.எஸ்.ஓ.-8 செயற்கைக்கோள், நண்டு நெபுலாவின் எக்ஸ் கதிரில் சுமார் 19 சதவீதத் தளவிளைவு இருப்பதை அளந்தது. அதன் பிறகு நீண்ட இடைவெளி. இதற்கெனவே திட்டமிடப்பட்ட 'ஜெம்ஸ்' செயற்கைக்கோளைச் செலவு கூடும் என்ற காரணத்தால் 2012-இல் நாசா கைவிட்டது. 2021 டிசம்பர் 9-இல் ஏவப்பட்ட 'ஐக்ஸ்பி' மூலமே அமெரிக்கா இத்துறைக்குத் திரும்பியது. இத்தாலி விண்வெளி நிறுவனம் அதில் பங்காளி. இதற்கெனத் தனிச் செயற்கைக்கோளை அனுப்பிய இரண்டாவது நாடு இந்தியா.

சமரசங்களே வடிவமைப்பு: எக்ஸ்போசாட்டின் முதன்மைக் கருவியான 'போலிக்ஸ்', பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1948-இல் தொடங்கிய நிலையம் அது. 'எக்ஸ்பெக்ட்' என்ற இரண்டாவது கருவியை இஸ்ரோவின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் உருவாக்கியது.

போலிக்ஸின் செயல்முறை விளக்குவதற்கு எளியது. வரும் கதிர், எடை குறைந்த தனிமத்தால் ஆன ஒரு சிதறியின் மீது விழுகிறது. அதிர்வுத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் கதிர்கள் அதிகமாகவும், அதே தளத்தில் குறைவாகவும் சிதறுகின்றன. நான்கு பக்கங்களிலும் உள்ள உணர்கருவிகள் அவற்றை எண்ணுகின்றன. எல்லாத் திசையிலும் எண்ணிக்கை சமமாக இருந்தால் தளவிளைவு இல்லை. ஏற்றத்தாழ்வு இருந்தால் அதன் அளவும் திசையும் கிடைத்துவிடும்.

ஆனால் நான்கு உணர்கருவிகளும் முற்றிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று சற்றே அதிகமாக எண்ணினாலும் இல்லாத தளவிளைவு இருப்பதாகத் தோன்றும். இதைத் தவிர்க்க, செயற்கைக்கோள் முழுவதும் தான் நோக்கும் திசையையே அச்சாகக் கொண்டு மெதுவாகச் சுழல்கிறது. இதனால் ஒவ்வொரு உணர்கருவியும் எல்லாக் கோணங்களிலும் எண்ணிவிடுகிறது. கருவியின் குறை சராசரியில் மறைந்து விடுகிறது.

சுற்றுப்பாதையும் இதே கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்பட்டது. 650 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதை அது. தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே மின்னூட்டத் துகள்கள் செறிந்துள்ள மண்டலத்தின் பாதிப்பு இப்பாதையில் குறைவு. பின்னணி இரைச்சல் குறைந்தால்தான் நுட்பமான ஏற்றத்தாழ்வைப் பிரித்தறிய முடியும்.

ஐக்ஸ்பி 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றலை ஆராய்கிறது. போலிக்ஸ் தேர்ந்தெடுத்தது 8 முதல் 30 வரை. அமெரிக்கா தொடாத எல்லையில் இந்தியா நிற்பதால், ஒரே விண்பொருளை இரு கருவிகளும் நோக்கும்போது முழுமையான சித்திரம் கிடைக்கும். எக்ஸ்பெக்ட் கருவி 0.8 முதல் 15 வரையிலான ஆற்றலில், அதே பொருளின் கதிர் நாள்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பதிவு செய்கிறது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கதிர்களைக் குவிக்கும் கண்ணாடிகள் போலிக்ஸில் இல்லை. எனவே மிகப் பிரகாசமான பொருள்களையே அது ஆராய இயலும். ஐந்தாண்டு ஆயுளில் சுமார் 40 பொருள்கள் என்பதே திட்டமிடப்பட்ட எண்ணிக்கை. அகலத்தை விட்டு ஆழத்தைத் தேர்ந்தெடுத்த முடிவு இது.

2024 ஜனவரி 5-இல் 'காசியோபியா-ஏ' என்ற வெடித்த விண்மீனின் எச்சத்தை எக்ஸ்பெக்ட் பதிவு செய்தது. ஜனவரி 15 முதல் 18 வரை நண்டு நெபுலாவை நோக்கிய போலிக்ஸ், அதன் நடுவே உள்ள துடிப்பு விண்மீனின் எக்ஸ் கதிர்த் துடிப்பைத் தெளிவாகக் காட்டியது.

தும்பாவில் தொடங்கிய பாதை: இந்தியாவின் எக்ஸ் கதிர் வானியலுக்குத் திருவனந்தபுரம் புதிய இடம் அன்று. காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட தும்பா மீனவக் கிராமத்திலிருந்து 1963 நவம்பர் 21-இல் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1968-இல், யு.ஆர். ராவ் உள்ளிட்ட ஆமதாபாத் இயற்பியல் ஆய்வகக் குழுவினர் அதே தும்பாவிலிருந்து எக்ஸ் கதிர் உணர்கருவிகளை ராக்கெட்டில் அனுப்பினர். வளிமண்டலத்துக்கு மேலே கிடைத்தவை சில நிமிடங்களே. அவற்றில் விண்பொருள்களின் எக்ஸ் கதிர் அளக்கப்பட்டது.

1975-இல் சோவியத் ராக்கெட்டில் சென்ற முதல் இந்தியச் செயற்கைக்கோளான ஆரியபட்டாவிலும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. மின் வழங்கலில் ஏற்பட்ட கோளாறால் சில நாள்களிலேயே ஆய்வுகள் நின்றன. 2015 செப்டம்பர் 28-இல் 'அஸ்ட்ரோசாட்' ஏவப்பட்ட பிறகே முழுமையான விண்ணாய்வகம் இந்தியாவுக்கு வாய்த்தது. அதிலுள்ள ஒரு கருவி, நண்டு நெபுலாவின் துடிப்பு விண்மீனை உயர் ஆற்றல் எக்ஸ் கதிரில் ஆராய்ந்து தளவிளைவை அளந்தது. அந்த முடிவு 2017-இல் வெளியானது. எக்ஸ்போசாட்டுக்கு அது நல்ல முன்னுரை.

சி-58 ராக்கெட்டின் பணி எக்ஸ்போசாட்டை விடுவித்ததோடு முடியவில்லை. அதன் நான்காம் கட்ட எந்திரம் இருமுறை மீண்டும் இயக்கப்பட்டு, 350 கி.மீ. உயரத்துக்கு இறக்கப்பட்டது. வீணாகச் சுற்றியிருக்க வேண்டிய அந்தப் பகுதியே ஆய்வுத் தளமாக மாறியது. விக்ரம் சாராபாய் மையத்தின் எரிபொருள் மின்கலம் அங்கே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு 180 வாட் மின்சாரம் தயாரித்துக் காட்டியது. சூரியனின் புற ஊதாக் கதிரை அளக்கச் சென்ற வீசாட்டும் அங்கிருந்தே இயங்கியது. 2024 மார்ச் 21-இல் நான்காம் கட்டம் வளிமண்டலத்தில் நுழைந்து, வட பசிபிக் கடற்பகுதியில் முடிவுற்றது. விண்வெளிக் குப்பை மிஞ்சவில்லை.

மாணவர்களின் களம்: 80 நாள்களே நீடித்தாலும், இத்தகைய வாய்ப்பு ஒரு கல்லூரிக்கு அளிக்கும் பயிற்சி பெரிது. திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் 2007-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் வேந்தர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அக்கழகம் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்துடனும் சிங்கப்பூர், தைவான் பல்கலைக்கழகங்களுடனும் சேர்ந்து உருவாக்கிய 8.1 கிலோ எடையுள்ள 'இன்ஸ்பயர்சாட்-1', 2022 பிப்ரவரி 14-இல் பி.எஸ்.எல்.வி. சி-52 மூலம் ஏவப்பட்டது. சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் கருவி அதில் இடம்பெற்றிருந்தது.

இதில் தமிழகத்துக்கும் முன்வரலாறு உண்டு. நாட்டின் முதல் பல்கலைக்கழகச் செயற்கைக்கோள் அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அனுசாட்'. 2009 ஏப்ரல் 20-இல் ஏவப்பட்டது. 2011-இல் எஸ்.ஆர்.எம்., 2016-இல் சத்யபாமா, 2017-இல் குமரி மாவட்டத்தின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் எனப் பட்டியல் நீள்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் முதல் செயற்கைக்கோளே கடைசிச் செயற்கைக்கோளாகவும் நின்றுவிட்டது. அனுபவம் பெற்ற மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறியதும், அந்த அறிவும் அவர்களுடனேயே போய்விடுகிறது.

சீனாவின் முன்னுதாரணம் இங்கே கவனிக்கத்தக்கது. 2018 அக்டோபரில் அந்நாடு அனுப்பிய, காலணிப் பெட்டியளவேயான செயற்கைக்கோளில் சிங்குவா பல்கலைக்கழகத்தின் 'போலார்லைட்' என்ற சிறு கருவி இருந்தது. அது நண்டு நெபுலாவின் எக்ஸ் கதிர்த் தளவிளைவை அளந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் கைக்கு எட்டும் அளவில் இந்த அறிவியலைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. வலியமலையிலும் பூஜப்புரையிலும் கிண்டியிலும் உள்ளவர்களால் முடியாத ஒன்று அன்று அது.

தில்லியின் பொறுப்பு: தடை தொழில்நுட்பத்தில் இல்லை, காலத்திலும் நிதித் தொடர்ச்சியிலும்தான் உள்ளது. போலிக்ஸ் கருவிக்கு 2017 செப்டம்பரில் இஸ்ரோ 9.5 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2018-இல் முதற்கட்ட வடிவமைப்பு ஆய்வு முடிந்தது. விண்ணை எட்டியது 2024-இல். அதற்குள் அமெரிக்கா முந்திக் கொண்டது.

விண்வெளித் துறைக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்ட தொகை 13,042.75 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை சந்திரயான்-4 திட்டத்துக்கு 2,104.06 கோடியும், வெள்ளிக் கோள் ஆய்வுக்கு 1,236 கோடியும் அனுமதித்தது. விண்வெளி நிலையத்துக்கும் புதிய ராக்கெட்டுக்கும் அப்போதே ஒப்புதல் கிடைத்தது. அடுத்த மாதமே விண்வெளித் துறையின் புதிய நிறுவனங்களுக்கான 1,000 கோடி ரூபாய் முதலீட்டு நிதியத்துக்கும் ஒப்புதல் அளிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவுகளே. ஆனால் விண்மீன்களையும் கருந்துளைகளையும் ஆராயும் சிறிய செயற்கைக்கோள் எதுவும் அந்த வரிசையில் இல்லை.

விண்வெளித் துறை நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் உள்ளது. பெரும்பாலான துறைகளின் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றி ஒரே மூச்சில் நிறைவேறுவது மக்களவையின் வழக்கம். எனவே அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே இத்துறையின் கணக்கு விரிவாகப் பரிசீலிக்கப்படும் இடம். ஏவுதல் வெற்றி பெறும் நாளில் மேசையைத் தட்டி வரவேற்கும் உறுப்பினர்கள், அடுத்த செயற்கைக்கோள் எப்போது என்று கேட்பது குறைவு.

கேட்கப்பட வேண்டியவை சில உண்டு. பல்கலைக்கழகங்களின் சிறிய அறிவியல் செயற்கைக்கோள்களுக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தனி நிதி உண்டா? ஒரு திட்டம் ஒப்புதல் பெற்றதிலிருந்து ஏவப்படும் வரை கால வரம்பு உண்டா? கிடைக்கும் தரவுகளை மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரும் பயன்படுத்த வழியும் உதவித்தொகையும் உண்டா? ராக்கெட் தோற்றால் மாணவர்களின் உழைப்புக்கு மறுவாய்ப்பு உண்டா? 2025 மே 18-இல் பி.எஸ்.எல்.வி. சி-61 மூன்றாம் கட்டக் கோளாறால் தோல்வியுற்றது. அந்தக் கடைசிக் கேள்வி வெறும் கற்பனை அன்று.

எக்ஸ்போசாட்டின் திட்டமிட்ட ஆயுள் ஐந்தாண்டுகள். அடுத்த செயற்கைக்கோளின் வடிவமைப்பு வரைபலகையில் தொடங்க வேண்டிய காலம் இதுதான். தும்பாவின் சில நிமிட ஆய்வுக்கும் எக்ஸ்போசாட்டுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. அடுத்த அடிக்கு அவ்வளவு காலம் ஆகுமா என்பது திருவனந்தபுரத்தில் அல்ல, தில்லியில் முடிவாக வேண்டிய விஷயம்.