பிள்ளைக்காக நடக்கும் வழக்கில் பொய்ச்சான்று



ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் சாலமோன் முன் நின்றதை நாம் அறிவோம் (1 அரசர்கள் 3). இன்று கணவனும் மனைவியும் அவ்வாறு குடும்பநல நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். கப்பலுக்கும் தோணிக்கும் போய் மாதக்கணக்கில் வீடு காணாத தகப்பன்மார் நம் கடற்கரையில் அநேகர். தம்பதியர் பிரிந்தால், 'பிள்ளை யாரிடம்?' என்பதே பெரிய வழக்காகிவிடுகிறது. அதில் வெல்வதற்காக, பிள்ளையிடம் தகாத முறையில் நடந்ததாக ஒருவர் மற்றவர்மேல் பொய்ப்புகார் கொடுத்தால் என்ன செய்வது?

2019 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு முடிந்தது. பிரிந்து வாழ்ந்த மனைவி, 11 வயது மகளைக் கணவர் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்திருந்தார். அம்மகளோ அதை மறுத்தாள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தகப்பன்மேல் இருந்த வழக்கை ரத்து செய்து, தாயின்மேல் போக்சோ சட்டத்தின் 22-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார். சூசன்னாமேல் பழி சுமத்திய முதியவர்களைத் தானியேல் தனித்தனியே விசாரித்ததுபோல (தானியேல் 13), இங்கும் பிள்ளையின் வாயிலிருந்தே உண்மை வந்தது.

2012-இல் வந்த போக்சோ சட்டம் பிள்ளைகளைக் காக்க வந்தது. ஒருவரை அவமானப்படுத்த, மிரட்ட, பணம் பறிக்க, பெயரைக் கெடுக்க என்ற நோக்கத்துடன் மட்டுமே பொய்ப்புகார் கொடுப்பவருக்கு அதன் 22-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பொய் சொன்னது பிள்ளை என்றால் அப்பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. ஆறு மாதம் குறைவுதானே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் தண்டனையை மிகவும் கூட்டினால், உண்மையாகவே பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாயும் காவல் நிலையப் படியேற அஞ்சுவாள். நல்லெண்ணத்தோடு, பயத்தில் புகார் கொடுத்து, அது நிரூபணமாகாமல் போனால் அது பொய்ப்புகார் ஆகாது. எதிரி விடுதலையானதாலேயே புகார் பொய் என்று ஆகிவிடுவதும் இல்லை.

பழி சுமத்தப்பட்டவர் முதலில் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். முன்ஜாமீன் கேட்கலாம், குற்றச்சாட்டைப் பொறுத்து அது கிடைக்காமலும் போகலாம். முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரி, நம் மாவட்டத்தவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம். 2024 ஜூலை 1 முதல் இதற்குரிய பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528. பழைய 482 என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீனுக்குரியது. பொய்யென்று தெரிந்தே குற்றவழக்குத் தொடுப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 248-ஆம் பிரிவிலும் தண்டனை உண்டு. இவை எதுவும் ஒரு வாரத்தில் முடிகிற காரியமல்ல.

அதற்குள் பிள்ளை தகப்பனை மறந்துவிடுமே என்பதுதான் பெரிய வேதனை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பிள்ளையின் நலனே நீதிமன்றத்துக்கு முக்கியம். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். ஆகவே வழக்கு நடக்கும்போதே, மூன்றாம் நபர் முன்னிலையில் பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு மனுச் செய்யலாம். கோபத்தில் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பதும், மாமியார் வீட்டில் சண்டை போடுவதும் எதிர்த்தரப்புக்கே சாட்சியமாகும்.

ஒன்றைப் பங்கு மக்களுக்குச் சொல்ல வேண்டும். உண்மையான குற்றம் நம் காதுக்கு வந்தால் மறைக்கக் கூடாது; தெரிவிப்பது 19-ஆம் பிரிவின்படி கடமை. 1098-ஐ அழைக்கலாம். அதேவேளை, கோயில் முற்றத்திலும் வாட்ஸ்அப்பிலும் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவது நிற்க வேண்டும். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது 23-ஆம் பிரிவின்படி குற்றம். புகார் பொய் என்று பிறகு தீர்ப்பு வந்தாலும், அந்தப் பிள்ளை அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அழைப்பு எண் 15100. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்ப்பதில்லை. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு.