‘டிக்’ சத்தம் மட்டும் போதாது: டிராக்டர் ரிலேயை வீட்டிலேயே சோதிக்கும் முறை

நாற்று தயாராக இருக்கும் வேளையில் டிராக்டர் கிளம்பாவிட்டாலும், முகப்பு விளக்கு எரியாவிட்டாலும் முதலில் சந்தேகிக்கப்படுவது ரிலேதான். சுற்று மாவட்ட விவசாயிகள் புது ரிலே வாங்கச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும், பழையது வாங்கப் புதுப்பேட்டைக்கும் செல்வதுண்டு. புறப்படுமுன் கையிலுள்ள ரிலேயைச் சோதித்துப் பார்த்தால் ஒரு நாள் வேலையும் பஸ் செலவும் மிச்சமாகும்.

ரிலே செய்யும் வேலை

சிறு விசையால் மடைப்பலகையைத் தூக்கினால் வாய்க்கால் நீர் முழுவதும் பாய்கிறது. ரிலேயும் அப்படியே. 85, 86 எண்ணுள்ள முனைகளுக்கிடையே உள்ள கம்பிச்சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, 30, 87 முனைகளை இணைத்துவிடும். அதன் வழியே விளக்குக்குரிய அதிக மின்சாரம் செல்லும்.

சோதனை முறை

12 வோல்ட், நான்கு முனை ரிலேயைக் கழற்றிக்கொள்ள வேண்டும்.

1. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து 85, 86 முனைகளைத் தொட வேண்டும். பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துள்ளது. இப்போது 30, 87 முனைகளுக்கிடையே தொடர்பு இருக்கக் கூடாது.

2. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து சிறு பியூஸ் வழியாக 86-க்கும், நெகட்டிவிலிருந்து 85-க்கும் வயர் கொடுக்க வேண்டும். ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். சில ரிலேக்களில் டயோடு உண்டு. எனவே மேலுறையிலுள்ள படத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

3. சத்தம் கேட்டாலும் உள்ளே தொடுமுனை கருகியிருக்கலாம். ஆகவே இரண்டாம் இணைப்பை அப்படியே வைத்து, பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாக 30-க்கும், 87-லிருந்து 55 வாட் முகப்பு பல்புக்கும், பல்பின் மறுமுனையிலிருந்து நெகட்டிவுக்கும் இணைக்க வேண்டும். பல்பு பிரகாசமாக எரிய வேண்டும். அப்போது மீட்டரை டி.சி. வோல்ட்டுக்கு மாற்றி, 30, 87 முனைகளில் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டக் கூடாது. காட்டினால் ரிலேயை மாற்றுவதே நல்லது. சுருளுக்கான வயரைப் பத்து முறை எடுத்து எடுத்துக் கொடுத்தும் பார்க்க வேண்டும்.

ரிலே நன்றாயிருந்தால் பியூஸ், எர்த் வயர், ரிலே பொருந்துமிடத்தில் படிந்த துரு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

எச்சரிக்கை

சார்ஜ் ஏறும் பேட்டரியருகே தீப்பொறி ஆகாது. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும். பியூஸுக்குப் பதில் கம்பி கட்டக் கூடாது. டிராக்டர் கிளம்பவில்லையே என்று தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரூ டிரைவரால் இணைக்கவே கூடாது. கியரில் இருந்தால் வண்டி பாய்ந்து, நிற்பவர்மீதே ஏறிவிடும், உயிர்ச்சேதம் நேர்ந்ததுண்டு.

பொறுமையாகச் சோதித்து, பழுதான பாகத்தை மட்டும் மாற்றினால் செலவு குறையும், ஆபத்தும் விலகும்.